போலீஸ் வேலைக்குப் பாலிகிராஃப் சோதனையா? பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

ஜூன் 2, பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

"அண்ணா, எஸ்ஐ தேர்வுக்கும் ஐபி தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். இனிமேல் பாதுகாப்பு வேலை எல்லாவற்றுக்கும் பொய் கண்டறியும் மெஷினில் உட்கார வைத்துத்தான் எடுப்பார்களாம். நான் போகும் கோச்சிங் சென்டரில் அதற்குத் தனி வகுப்பு ஆரம்பிக்கிறார்கள், தனியாகப் பணம் கேட்கிறார்கள். எனக்கு நேர்முகம் என்றாலே கை நடுங்கும். மெஷினில் உட்கார்ந்தால் செய்யாத தப்பையும் செய்ததாகக் காட்டிவிடுமோ என்று தூக்கமே இல்லை. சேரலாமா?"

ஜூன் 2, இரவு

பணத்தைக் கட்டாதீர்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசலாம்.

தருமபுரியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், மத்திய அரசின் எஸ்எஸ்சி, மத்திய உளவுத்துறையான ஐபி என்று அறிவிக்கை வந்தால் அதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு நிரப்பிக் கொடுப்பேன். காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு, உடற்கூறு அளத்தல், ஓட்டம், கயிறு ஏறுதல், சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவம், முன்நடத்தை விசாரணை (பழைய வழக்கு ஏதும் உண்டா என்று போலீஸ் பார்ப்பது). எஸ்ஐக்குக் கூடுதலாக நேர்முகம். ஐபியில் ஏசிஐஓ என்ற உளவு அதிகாரி பதவிக்கு எழுத்துத் தேர்வுகள், நேர்முகம், பிறகு முன்நடத்தை விசாரணை. நான் நிரப்பிக் கொடுத்த எந்த அறிவிக்கையிலும் பாலிகிராஃப் ஒரு தேர்வு நிலையாக இருந்ததில்லை.

வேலைக்கு எடுக்கும்போது இந்தச் சோதனை வைப்பது அமெரிக்காவின் வழக்கம். சிஐஏ, என்எஸ்ஏ என்ற உளவு அமைப்புகள், எஃப்பிஐ என்ற புலனாய்வுத் துறை மூன்றிலும் உண்டு. அவர்களுடைய எல்லைக் காவல் துறையில் சேருவதற்கும் 2010இல் போட்ட சட்டப்படி கட்டாயம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே வகுப்பு எடுக்கக் கிளம்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பணத்துக்கு நல்ல ஷூ வாங்குங்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், மத்தியப் படைகளின் ஜிடி காவலர் தேர்வில் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில். மைதானத்தில் நிறையப் பேர் அங்கேதான் விழுகிறார்கள்.

ஜூன் 3, காலை

"அது இங்கே வராது என்று சொல்லிவிட்டீர்கள், ஆனால் வந்தால் நல்லதுதானே? லஞ்சம் வாங்குகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடலாமே" என்று காரிமங்கலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

அந்தக் கருவி எதை அளக்கிறது என்பதைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு குழாய் கட்டி மூச்சை அளக்கும். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் அளக்கும். விரலில் மாட்டும் தகடு வியர்வையால் தோலில் வரும் மாற்றத்தைப் பிடிக்கும். அவ்வளவுதான். பொய் என்று உடம்பில் தனியாக ஒரு குறி கிடையாது. காய்ச்சல் இருக்கிறது என்று தெர்மாமீட்டர் சொல்லும், டெங்குவா சளியா என்று சொல்லாது. இதுவும் அப்படித்தான். மனசு படபடத்தது என்பதைக் காட்டும். எதனால் படபடத்தது என்பதை எதிரே உட்கார்ந்திருப்பவர் ஊகிக்கிறார்.

1921இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீஸில் இருந்த ஜான் லார்சன் இந்தக் கருவிக்கு வடிவம் கொடுத்தார். அதற்கு முன்பே ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துப் பொய்யைச் சொல்லலாம் என்று வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் கிளம்பியிருந்தார். அவர் வைத்த சோதனையை 1923இல் ஃப்ரை என்பவருடைய வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. நூறு வருஷம் தாண்டிவிட்டது, சந்தேகம் தீர்ந்தபாடில்லை.

ஜூன் 4, இரவு

காரிமங்கலத்தார் விடவில்லை. "நூற்றுக்கு எண்பது பேரைச் சரியாகப் பிடித்தால்கூட லாபம்தானே?"

இந்த இடத்தில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறோம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு என்னுடையது இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்வுக்குழு 2003இல் புத்தகமாகவே வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. அணு ஆயுத ஆய்வுக்கூட விஞ்ஞானிகளுக்கு இந்தச் சோதனை வைக்கலாமா என்று அங்கே பெரிய சண்டை வந்தபோது எழுதியது.

10,000 ஊழியர்கள், அவர்களுக்குள் 10 உளவாளிகள் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 10 உளவாளிகளில் 8 பேரைப் பிடிக்கிற அளவுக்குக் கெடுபிடியாகச் சோதனை வைத்தால் மொத்தம் சுமார் 1,600 பேர் தோற்பார்கள். அதில் 8 பேர்தான் உளவாளிகள். மீதி 1,590 சொச்சம் பேர் ஒன்றும் செய்யாதவர்கள். கைகாட்டப்படும் 200 பேரில் ஒருவர்தான் நிஜமான ஆள், 2 உளவாளிகள் அப்போதும் உள்ளே இருப்பார்கள். சரி, நல்லவர்களை இவ்வளவு பேரை நோகடிக்க வேண்டாம் என்று சோதனையைத் தளர்த்தினால், தப்பாக மாட்டுகிறவர்கள் 40 பேர் அளவுக்குக் குறைவார்கள். ஆனால் 10 உளவாளிகளில் 8 பேர் கைவீசிக்கொண்டு போய்விடுவார்கள்.

தேடுகிற ஆள் ஆயிரத்தில் ஒருவர் என்றால், எண்பது சதவீதம் சரி என்பது பெரிய விஷயமே இல்லை. கொலை வழக்கில் சந்தேகப்படும் நாலு பேரை உட்கார வைப்பது வேறு கணக்கு. ஒரு தப்பும் பண்ணாமல் வேலை கேட்டு வரிசையில் நிற்கும் பத்தாயிரம் பிள்ளைகளை உட்கார வைப்பது வேறு கணக்கு.

2017இல் வந்த செய்தி ஒன்று: அமெரிக்க எல்லைக் காவல் துறைக்கு விண்ணப்பித்துச் சோதனையில் உட்கார்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் தேறவில்லை. அத்தனை பேருமா கெட்டவர்கள்?

ஜூன் 5

கடையில் கல்லூரி விண்ணப்பக் கூட்டம், சர்வர் வேறு படுத்துவிட்டது. நாளை எழுதுகிறேன். "அண்ணா, உங்களுக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம்" என்று அரூர் தங்கச்சி கேட்டதற்கும் நாளைதான்.

ஜூன் 6, இரவு

அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் கோபம்.

கடை வைப்பதற்கு முன்னால் பெங்களூரில் ஏடிஎம்களுக்குப் பணம் நிரப்பும் நிறுவனம் ஒன்றில் இருந்தேன். ஒரு மாதக் கணக்கில் பணம் குறைந்தது. அந்த வழித்தடத்தில் போன எல்லாரையும் கூப்பிட்டு, தனியார் ஆய்வகம் ஒன்றில் பாலிகிராஃப் எடுக்கப் போகிறோம், விருப்பத்தோடு வருகிறேன் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தர் கேட்டார். "போடாதவர் பெயரை மேலே அனுப்புவோம்" என்று பதில் வந்தது. எல்லாரும் போட்டோம்.

சின்ன அறை. ஏசி சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. அகலமான கைப்பிடி வைத்த நாற்காலி, உட்காரும் இடத்தில் ஒரு மெத்தை, அசைந்தால் அதற்குத் தெரியுமாம். சட்டைக்கு மேலே இரண்டு ரப்பர் குழாயைக் கட்டினார்கள். இடது மேல்கையில் பிரஷர் பட்டை. கேள்வி ஆரம்பிக்கும்போது அதில் காற்று ஏற்றுவார்கள், ஒரு சுற்று முடியும் வரை இறக்க மாட்டார்கள். விரல் நுனி நீலமாகிறதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது கையின் இரண்டு விரலில் தகடு. எதிர்ச் சுவரைத்தான் பார்க்க வேண்டும், ஆமாம், இல்லை என்ற இரண்டைத் தவிர வேறு பேசக் கூடாது.

முதலில் ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுதச் சொல்லி, எது கேட்டாலும் இல்லை என்று சொல்லச் சொன்னார். பிறகு திரையைப் பார்த்துவிட்டு "நீங்கள் பொய் சொல்லும்போது தெளிவாகத் தெரிகிறது" என்றார். கருவி தப்பே பண்ணாது என்று நம்மை நம்ப வைப்பதற்குத்தான் அது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அப்புறம் கேள்விகள். "வேலை பார்த்த இடத்திலிருந்து எப்போதாவது எதையாவது எடுத்திருக்கிறீர்களா?" "உங்களை நம்பியவரிடம் பொய் சொல்லியிருக்கிறீர்களா?" நடு நடுவே "இந்தப் பணத்தை நீங்கள் எடுத்தீர்களா?"

இதன் சூட்சுமத்தைக் கேளுங்கள். வேலை பார்த்த இடத்தில் பேனா, பேப்பர் எடுக்காத ஆள் இல்லை, பொய் சொல்லாத ஆளும் இல்லை. ஆனாலும் நல்லவன் "இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் தவிப்பான் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்தத் தவிப்பையும் திருட்டுக் கேள்விக்கு வரும் தவிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சின்னக் கேள்விக்குத் தவிப்பு அதிகம் என்றால் குற்றமில்லாதவர், பெரிய கேள்விக்கு அதிகம் என்றால் சந்தேகம். நான் சோதனைக்கு முந்தைய பேச்சிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேனா எடுத்திருக்கிறேன், உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன் என்று. மனசு லேசாகிவிட்டது. ஆகவே சின்னக் கேள்விக்கு எனக்கு ஒரு படபடப்பும் வரவில்லை. பணத்தை எடுத்தாயா என்று கேட்டபோதெல்லாம் இதயம் தொண்டைக்கு வந்தது. வேலை போய்விடும், அம்மாவுக்கு என்ன சொல்வது என்ற பயம். முழு உண்மையையும் முன்கூட்டியே சொல்லிவிட்டவனுக்கு எதிராகவே திரும்புகிற ஒரு முறையை எப்படி நம்புவது?

"முடிவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று அறிக்கை வந்தது. திருடன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பணம் தொடும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேஜைக்குப் போக ஆரம்பித்தார்கள். குறைந்த பணம் பிறகு கிடைத்தது. ஒரு மெஷினில், சிக்கிய நோட்டையும் கசங்கிய நோட்டையும் மெஷினே தள்ளிவிடுகிற அடிப்பெட்டி ஒன்று உண்டு, அதில் இருந்ததை எண்ணிக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். ஒருவரும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 7

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

பாலக்கோடு தம்பி, கை நடுங்குகிறவனுக்கு இந்தச் சோதனை ஆகாது என்ற உங்கள் பயம் பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதற்காகத்தான் நேற்று அவ்வளவு நீளமாக எழுதினேன்.

ஜூன் 9, இரவு

ஊத்தங்கரையிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவத்துக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயதில் பெரியவர், அனுபவம் உள்ளவர். ஐயா சொல்வது இது: "கருவி சரியா தப்பா என்பது வேறு. அதில் உட்கார வேண்டும் என்று தெரிந்தாலே தப்பு செய்தவன் விண்ணப்பிக்க மாட்டான். உட்கார்ந்தவனும் பயத்தில் தானே உண்மையைக் கக்குவான். அது போதாதா?"

ஐயா, இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2003 அறிக்கையும் பயத்தால் வரும் இந்தப் பலன் இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறது. அமெரிக்க எல்லைக் காவல் வேலைக்கு வந்தவர்களில் சிலர் சோதனை அறையில் பெரிய குற்றங்களையே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் யார் கக்குகிறார்கள் என்று பாருங்கள். பயப்படுகிறவன் கக்குகிறான். கருவியை நம்பாத கல்நெஞ்சக்காரனுக்கு அது சும்மா ஒரு நாற்காலி. சிஐஏவில் இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் சோவியத்துக்கு ஆட்களைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே 1986இலும் 1991இலும் பாலிகிராஃபில் தேறினார். 1994இல்தான் பிடிபட்டார். அவர் காட்டிக் கொடுத்தவர்களில் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். எப்படித் தேறுவது என்று அவர் தன் சோவியத் ஆட்களைக் கேட்டபோது அவர்கள் பெரிய வித்தை எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. நன்றாகத் தூங்கு, பதற்றப்படாதே, கேட்கிறவரிடம் இனிமையாகப் பேசு, அவ்வளவுதான். பென்டகனின் உளவுப் பிரிவில் இருந்து கியூபாவுக்குத் தகவல் கொடுத்த ஆனா மோன்டெஸ் 1994இல் சோதனையில் தேறினார், 2001 வரை அந்த வேலையிலேயே இருந்தார்.

ஏம்ஸ் தன் சம்பளத்துக்குப் பொருந்தாத விதத்தில் அரை மில்லியன் டாலருக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வீடு வாங்கியிருந்தார். ஜாகுவார் காரில் வேலைக்கு வந்தார். கண் முன்னால் காசு தெரிந்தது. மெஷின் சரி என்று சொல்லிவிட்டதே என்ற நிம்மதி, பார்க்க வேண்டியதைப் பார்க்க விடாமல் பண்ணுகிறது. எனக்கு இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

ஜூன் 10, காலை

ஓசூர் அண்ணன் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறார். "முற்றிலும் குப்பை என்று எழுதுவது போல இருக்கிறது, அதுவும் சரியில்லை" என்கிறார். ஆமாம், இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

இன்னொரு முறை இருக்கிறது. டேவிட் லிக்கன் என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்தது. திருடினாயா என்று கேட்பதில்லை. திருட்டுப் போனது நீலப் பையா, சிவப்புப் பையா, கறுப்புப் பையா என்று வரிசையாகக் கேட்பார்கள். சம்பந்தம் இல்லாதவனுக்கு எல்லாப் பையும் ஒன்றுதான். எடுத்தவனுக்கு மட்டும் சரியான பையின் பெயர் வரும்போது உடம்பு அடையாளம் காட்டும். ஜப்பான் போலீஸ் பல காலமாக இதைத்தான் பயன்படுத்துகிறது. அறிவியலாளர்களுக்கும் இதன்மேல் ஓரளவு மரியாதை உண்டு. என்னைக்கூட அப்படிக் கேட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

ஆனால் இதற்கு நடந்த குற்றம் ஒன்று வேண்டும், அதில் வெளியே தெரியாத விவரம் வேண்டும். வேலைக்கு விண்ணப்பித்தவனிடம் எந்தப் பையைப் பற்றிக் கேட்பது? "வாழ்க்கையில் ஏதாவது பெரிய தப்பு பண்ணியிருக்கிறாயா" என்றுதான் கேட்க முடியும். அதனால் நல்ல முறை விசாரணைக்குப் பயன்படும், வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படாது. அண்ணன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் நிற்கிறது.

ஜூன் 10, மாலை

இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஒரே தாளை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கலாம். லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூட விஞ்ஞானி வென் ஹோ லீக்கு 1998 டிசம்பரில் சோதனை வைத்தார்கள். தேறிவிட்டார் என்று முதலில் சொன்னார்கள். அதே பதிவைப் பிறகு எஃப்பிஐ பார்த்துவிட்டுத் தேறவில்லை என்றது. மனிதர் ஒன்பது மாதம் தனிச்சிறையில் கிடந்தார். கடைசியில் 59 குற்றச்சாட்டில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கைவிட்டார்கள், நீதிபதியே அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஜூன் 13, இரவு

சட்டம் என்ன சொல்கிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் வக்கீலாக இருக்கும் என் தங்கை வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுகிறேன்.

நம் நாட்டில் முக்கியமான தீர்ப்பு 2010 மே 5இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது, செல்வி எதிர் கர்நாடக அரசு. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் உள்ளிட்ட மூன்று நீதிபதிகள். நார்கோ (மருந்து கொடுத்து மயக்கத்தில் கேட்பது), பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை எதையும் ஒருவருடைய சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது என்றார்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியலமைப்பின் 20(3), உயிர், தனிமனித சுதந்திரம் பற்றிய 21, இரண்டு பிரிவுகளையும் வைத்துச் சொன்ன தீர்ப்பு. சம்மதத்தோடு வைத்தாலும் அந்த முடிவை அப்படியே சாட்சியமாக எடுக்க முடியாது. அதன் வழியாகப் பின்னால் பொருளோ தகவலோ கண்டுபிடிக்கப்பட்டால் அதை மட்டும் ஏற்கலாம்.

தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் கொடுத்த வழிமுறைகளைக் கட்டாயம் பின்பற்றவும் சொன்னார்கள். சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்ய வேண்டும், வக்கீல் வசதி வேண்டும், உடம்புக்கும் மனசுக்கும் சட்டப்படியும் என்ன ஆகும் என்று விளக்க வேண்டும். திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில் சந்தேகத்துக்கு உள்ளானவர்களுக்கு 2023இல் சென்னையில் சோதனை நடந்ததே, அதற்கு முன் அவர்கள் நீதிமன்றத்தில் சம்மதம் சொல்ல வேண்டியிருந்தது இதனால்தான்.

அது குற்ற விசாரணை பற்றிய தீர்ப்பு. வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றி நேராகப் பேசவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. கொலை வழக்கில் சந்தேகப்படுகிறவருக்கு மாஜிஸ்திரேட் உண்டு, வக்கீல் உண்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு. சம்பளத்தை நம்பி இருந்த எனக்கு ஒரு தாளும் பேனாவும்தான் கொடுத்தார்கள். வேலை வேண்டுமா, கையெழுத்துப் போடு என்றால் அதைச் சம்மதம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவிலும் இந்த முரண் இருக்கிறது. 1988இல் சட்டம் போட்டுத் தனியார் முதலாளிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையை வைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அரசுக்கு விலக்கு. 1998இல் ஷெஃபர் என்ற விமானப்படை வீரர் தான் தேறிய சோதனையைச் சாட்சியமாக வைக்கக் கேட்டபோது, இதன் நம்பகத்தன்மையில் ஒருமித்த கருத்து இல்லை என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஒரு ஆளைக் காப்பாற்றும்போது நம்ப முடியாத கருவி, ஒரு ஆளுக்கு வேலை இல்லை என்று சொல்லும்போது மட்டும் எப்படி நம்பத்தக்கதாகிறது?

ஜூன் 15, இரவு

பாலிகிராஃப் பேச்சில் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விஷயம் அமுங்கிப்போகிறது. நம் ஊரில் வேலையைப் பறிப்பது சாட்சிப் படிவம். அட்டஸ்டேஷன் ஃபார்ம் என்பார்களே, அதுதான்.

அதில் தெளிவாகக் கேட்டிருப்பார்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குப் போடப்பட்டதா, அபராதம் கட்டினீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா என்று. தவறான தகவல் தந்தாலும் மறைத்தாலும் தகுதி இழப்பு என்று மேலேயே எச்சரிக்கையும் இருக்கும். நம் பையன்கள் எல்லாவற்றுக்கும் "இல்லை", "இல்லை" என்று எழுதிக்கொண்டே போவார்கள். "ஊர்ச் சண்டைதானே, சமாதானம் ஆகிவிட்டதே" என்பார்கள்.

2023 பிப்ரவரி 2 ஞாபகம் இருக்கிறதா? ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதம் என்று நெடுஞ்சாலையை மறித்தார்களே. கல்வீச்சு, தடியடி, பெங்களூர் ரோடு மணிக்கணக்கில் நின்றது. நிறையப் பேர் கைதானார்கள். காளை பார்க்கப் போன பையன்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். இப்படி ஒரு நாள் கூட்டத்தில் நின்றதால் எஃப்ஐஆரில் பெயர் ஏறிய பையன், பிறகு காவலர் தேர்வு எழுதி, ஓட்டத்தில் ஜெயித்து, கடைசிப் படிவத்தில் "இல்லை" என்று எழுதினால் அங்கேதான் மாட்டுவான். ஸ்டேஷனில் ரெக்கார்ட் இருக்கும்.

தமிழ்நாடு போலீஸ் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று உண்டு. வழக்கில் சம்பந்தப்பட்டவர் தகுதி இல்லாதவர் என்பது அதன் சாரம். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை ஆனாலும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை ஆனாலும் சம்பந்தப்பட்டவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். "நான்தான் விடுதலை ஆகிவிட்டேனே" என்று வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது முகம் இருண்டுபோகும். எனக்கும் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், தீர்ப்பில் எந்த வார்த்தை போட்டிருக்கிறது என்று வக்கீலிடம் காட்டச் சொல்லி அனுப்புகிறேன்.

உச்ச நீதிமன்றம் 2016இல் அவ்தார் சிங் வழக்கில் இன்னொரு பக்கத்தையும் சொல்லியிருக்கிறது. மறைக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. ஆனால் இளவயதில் கோஷம் போட்டது மாதிரி அற்பமான விஷயத்தை மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் அதைப் பெரிதாக எடுக்காமல் விடலாம். விடலாம் என்றுதான் சொன்னது, விட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதை நம்பி மறைக்காதீர்கள்.

இந்த முன்நடத்தை விசாரணை மெதுவாக நடக்கும், சில நேரம் பாரபட்சமும் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கிறது. தப்பாக வந்தால் காரணம் கேட்கலாம், ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போடலாம், நீதிபதி அதைப் படித்துப் பார்க்க முடியும். என் மூச்சு ஒரு கேள்விக்கு ஏன் தடுமாறியது என்று எந்த நீதிபதியிடம் போய் நிரூபிப்பது? வேலைக்கு ஆள் எடுக்கப் பாலிகிராஃப் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

ஜூன் 18

நாக்கைக் கடித்துக்கொண்டால், ஷூவுக்குள் குண்டூசி வைத்தால், மனசுக்குள் கணக்குப் போட்டால் மெஷினை ஏமாற்றலாமா என்று கேட்ட மொரப்பூர் தம்பிக்கு: இங்கே இல்லாத சோதனைக்கு எதற்கு இது? நாளைக்கே எங்காவது உட்கார நேர்ந்தாலும் வேண்டாம். உடம்பை அசைத்தால் நாற்காலி மெத்தையே காட்டிக் கொடுத்துவிடும், அப்புறம் உண்மை சொல்கிறவன் மேலும் சந்தேகம் வரும். யூடியூபில் அதைப் பார்க்கும் நேரத்துக்குக் கணிதத்தில் ஒரு மாதிரித் தேர்வு எழுதிவிடலாம்.

ஜூன் 20, காலை

பாலக்கோடு தம்பி எழுதியிருக்கிறார், வகுப்பில் சேரவில்லையாம். கூடப் படிக்கும் இன்னும் சிலரும் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். திருப்பித் தராவிட்டால் ரசீதோடு நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம், மனு எழுதி டைப் அடித்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

ஜூன் 21, இரவு

பென்னாகரத்திலிருந்து ஒரு அம்மா. மகனுக்கு முன்நடத்தை விசாரணைக்குப் படிவம் வந்திருக்கிறது. பதினேழு வயதில் ஒரு அடிதடி வழக்கில் அவன் பெயர் இருந்ததாம், என்ன ஆனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எழுதுவதா விடுவதா என்று கேட்கிறார்கள்.

அம்மா, முதலில் அந்த வழக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிறுவர் வழக்கு என்பதால் விவரம் ஆன்லைனில் கிடைப்பது சிரமம். ஸ்டேஷனில் குற்ற எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இளைஞர் நீதிக் குழுமத்தில் வக்கீல் மூலமாக உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 24ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குள் நடந்த குற்றத்தால் பின்னால் தகுதி இழப்பு வரக் கூடாது என்கிறது. மிகக் கொடிய குற்றத்துக்குப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் விலக்கு. இந்த மாதிரி அடிதடி அதற்குள் வர வாய்ப்புக் குறைவு. படிவத்தில் அதை எப்படி எழுதுவது என்பதை வக்கீல் சொல்லாமல் ஒரு வரிகூட நிரப்ப வேண்டாம். வீட்டில் யாராவது "இல்லை என்று போட்டுவிடு" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

படிவத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியைப் பார்த்து எழுதுங்கள். நாட்கள் குறைவாக இருந்தால் பையனையே நாளை காலை அனுப்பிவிடுங்கள், கிருஷ்ணகிரிக்கு மாப்பிள்ளையிடம் போன் போட்டுச் சொல்லி வைக்கிறேன். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், படிவத்தின் இரண்டு ஜெராக்ஸ், ஞாபகம் இருந்தால் ஸ்டேஷன் பெயரும் வருஷமும் எழுதிய ஒரு தாள், இவ்வளவும் எடுத்து வரச் சொல்லுங்கள்.